சிபிஎஸ்இ பொதுத்தேர்வு: 10, 12ஆம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். சிபிஎஸ்இ வாரியத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும், நமக்கும் வாரியத்துக்கும் இடையில் இருப்பது பள்ளிதான். ரெகுலர் (பள்ளியில் சேர்ந்து படிக்கும்) மாணவர்களின் தேர்வுப் பதிவு, கட்டணம், ஹால் டிக்கெட் எல்லாமே பள்ளி வழியாகத்தான் நடக்கும். ஏதாவது குழப்பம் என்றால் முதலில் பள்ளி அலுவலகத்தைக் கேளுங்கள்.

பிள்ளையின் பெயர் விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பதிவேட்டில் 'கே. அருண்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கும் ஆதாரமாகப் போகிறது. அதனால் தேர்வு எழுதுவோர் பட்டியல் பள்ளியிலிருந்து வாரியத்துக்குப் போகும் முன்பே, எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சான பிறகு திருத்த அலைச்சல் அதிகம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: தேர்வு இந்திய நேரம் 10:30க்குத் தொடங்கினால் துபாயில் காலை 9:00. அரை மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். வளைகுடா வெயிலை விட டிராஃபிக்தான் கவலை, சீக்கிரம் கிளம்புங்கள்.

அப்புறம், 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரண்டு தேர்வு. பிப்ரவரியில் நடக்கும் முதல் தேர்வைக் கட்டாயம் எழுத வேண்டும். மே மாதத் தேர்வு விருப்பம்தான். அதிகபட்சம் மூன்று பாடங்களில் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம், இரண்டில் கூடுதலானதே நிற்கும். ஆனால் முதல் தேர்வில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களுக்கு வராமல் போனால் மே மாத வாய்ப்பு கிடையாது. 'மே மாதம் பார்த்துக்கலாம்' என்று பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரிலும் (அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகம்) வரும்.