உல்தாளின் வீட்டுக்குப் போன ஐந்து பேர்: எங்கள் திருச்சபை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுச் சகோதரர்களுக்கும்,

இயேசுவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

எங்கள் மாதர் ஐக்கியத்தின் காசில் நீங்கள் வாங்கிய, பெண்களுக்கான ஆய்வு வேதாகமம் (விளக்கக் குறிப்புகளோடு வரும் வேதாகமம்) என்ற அந்த நாற்பது புத்தகங்களைப் பற்றித்தான். மாதர் ஞாயிறன்று பதின்மூன்று பேரைப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்திக் கொடுத்தீர்கள், படமும் எடுத்தாயிற்று. மிச்சம் இருபத்தேழும் மண்டபத்துப் பின்னறையில், கரோல் புத்தகங்களுக்குப் பக்கத்தில், பெட்டி உடைபடாமல் கிடக்கின்றன. அடுத்த மாதம் அவற்றையும் கொடுத்து முடிக்கப்போவதாகப் போன ஞாயிறு அறிவித்தலில் கேட்டேன். கொடுக்கவேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். விற்ற கடைக்காரர் உடைக்காத பெட்டிகளைத் திருப்பி எடுப்பாரா என்று விசாரியுங்கள். எடுத்தால், அடுத்ததைத் தெரிவுசெய்யும் மேசையில் எங்களுக்கும் கதிரை போடுங்கள். இதை மூன்று முறை வாயால் கேட்டோம். மூன்று முறையும் "பாப்பம் தங்கச்சி" என்ற பதில்தான் வந்தது. எனக்கு அறுபத்து மூன்று வயது.

காசு எங்கிருந்து வந்தது என்பது குழுவுக்குத் தெரியும். கணக்கறிக்கையில் "மாதர் ஐக்கியம், ரூபா 232,000" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் இரண்டு வருசத்துச் சனிக்கிழமைகள் இருக்கின்றன. விடியப்பறம் மூன்று மணிக்கு எழும்பித் தேங்காய் துருவி, இடியப்பம் அவித்து, சொதியைப் பையில் கட்டி, உட்துறைமுக வீதிக் கடைகளுக்கும் பஸ் நிலையத்துக்கும் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்த கைகளின் காசு அது. பெண்களுக்கு ஒரு நல்ல ஆய்வு வேதாகமம் வேண்டும் என்றுதான் சேர்த்தோம். எது நல்லது என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. "பெண்களுக்கெண்டே ஒண்டு வந்திருக்கு, நல்ல வடிவான கவர்" என்று எங்கள் தலைவிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அவ்வளவுதான் ஆலோசனை. கவர் வடிவுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. றோஸ் நிறம், பூ வேலைப்பாடு.

இனி மூதூர்ப் பக்கத்து அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் தேவையில்லை. மூன்றாவது வாங்கில் தூணோரம் இருப்பவர், உங்கள் எல்லாருக்கும் தெரியும். எழுபத்தொரு வயது. ஒரு கண்ணுக்குக் கற்றராக்ட் சத்திரசிகிச்சை முடிந்தது, மற்றக் கண் இன்னும் காத்திருக்கிறது. மூத்த மகன் ஒருநாள் வேலைக்கென்று போனவன், வரவில்லை. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரம் இருக்கத் தொடங்கியபோது இவரும் போய் இருந்தார். யூரியாப் பை ஒன்றைக் கிழித்து விரித்து, அதில்தான் இருப்பார்.

புத்தகம் கிடைத்த அன்று பின்னேரமே ரிஸ்பாளைத் தேடியிருக்கிறார். 2 சாமுவேல் 21ஆம் அதிகாரம். இந்தப் பீடத்திலிருந்து யாரும் அதைப் பிரசங்கித்து நான் கேட்டதில்லை, ஆகையால் இங்கே எழுதிவிடுகிறேன். முந்தைய ராசா சவுலின் வழியில் வந்த ஏழு பேரைக் கொன்று மலையில் போட்டுவிடுகிறார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் சாக்குத்துணியை எடுத்துப் பாறையில் விரித்து, அறுப்புக் காலத் தொடக்கத்திலிருந்து மழை பொழியும்வரை அங்கேயே இருக்கிறாள். பகலில் பறவையும் இரவில் மிருகமும் பிள்ளைகளைத் தொடாமல் காவல் இருக்கிறாள். அவள் இருந்த இருப்பைக் கேள்விப்பட்ட பிறகுதான் தாவீது ராசா அசைகிறான். எலும்புகளைப் பொறுக்கி எடுத்து அடக்கம் செய்கிறார்கள். மனு எழுதாமல், மேடையில் பேசாமல், இருந்த இடத்தை விட்டு எழும்பாமலே ஒரு அரசனை அசைத்தவள் அவள்.

அந்த அம்மா ஏன் அவளைத் தேடினார் என்று இனி நான் விளக்கத் தேவையில்லை.

தன்னால் வாசிக்க முடியாமல் பேரனிடம் கொடுத்திருக்கிறார். ஏழாம் ஆண்டு படிக்கிற பெடியன். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி, போதாததற்குத் தாளின் பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிகிறது. "இரட்டு" என்ற சொல்லில் தடக்கி நின்றுவிட்டான். "இரட்டையோ அம்மம்மா?" இரட்டு என்றால் சாக்குத்துணி. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின மொழிபெயர்ப்பில் வருகிற அப்படியான சொற்களுக்கு அடிக்குறிப்புப் போடத்தானே ஆய்வு வேதாகமம் என்று ஒன்றை அச்சடிக்கிறார்கள்? அடிக்குறிப்பு இல்லை. ஆனால் அதே பக்கத்தில் றோஸ் நிறக் கட்டத்துக்குள் வேறொன்று இருந்தது: களைத்துப்போன தாய் தனக்கென்று ஒரு மணித்தியாலம் ஒதுக்குவது எப்படி. சுடுதண்ணித் தொட்டியில் குளியல், வாசனை மெழுகுதிரி, வெளியே பனி கொட்டும்போது யன்னலோரம் ஒரு கோப்பை சொக்கிளேற்.

அடுத்தநாள் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். சிரித்துக்கொண்டுதான் காட்டினார். "இது ஆருக்குப் பிள்ளை எழுதினது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதில் குழுவிடம் இருக்கவேண்டும், வாங்கியது குழுதானே.

எழுத்தின் அளவு பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1715இல் தரங்கம்பாடியில் மிசனரி சீகன்பால்கு ஐயர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன, காகிதம் கட்டுப்படியாகவில்லை. ஆகையால் பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்பார்கள். அவர்களுக்குக் காகிதப் பஞ்சம். முந்நூறு வருசத்துக்குப் பிறகு, புத்தகம் ஒன்றுக்கு 5,800 ரூபா கொடுத்த எங்களுக்கு என்ன பஞ்சம்?

பொருளாளர் அண்ணன் ஒருமுறை, "வேதம் எல்லாருக்கும் பொதுதானே, பெண்களுக்கு வேறை என்னத்துக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1895இல் அமெரிக்காவில் பெண்ணுரிமைக்காகப் போராடிய எலிசபெத் கேடி ஸ்டான்டன் அம்மையார் செய்ததுபோல, பெண்களைப் பற்றிய பகுதிகளை வெட்டி ஒட்டி அதற்கெதிரே வாதாடும் புத்தகத்தை நாங்கள் கேட்கவில்லை. வேதம் அதேதான். அதற்குக் கீழே எழுதும் குறிப்பை எழுதுகிறவர் யார், எந்த அதிகாரத்தில் நின்று எழுதுகிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்பதில்தான் விசயம் இருக்கிறது. நீங்கள் வாங்கித் தந்தது தியானப் புத்தகம். காலையில் ஒரு பக்கம் வாசித்து மனதைத் தேற்றிக்கொள்ள அது உதவும், அதையும் குறை சொல்லமாட்டேன். அதற்கு ஆய்வு வேதாகமம் என்று பெயர் வைத்ததைத்தான் சொல்கிறேன். ஒத்தவாக்கியம் (தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டும் குறிப்பு) இல்லை, தேசப்படம் இரண்டே இரண்டு, சொல்லகராதி இல்லை.

உதாரணத்துக்கு ஒரு சொல். கலியாண வீடுகளில் நீங்கள் தவறாமல் வாசிக்கிற நீதிமொழிகள் 31, "குணசாலியான ஸ்திரீ". நான் முப்பத்தொரு வருசம் தமிழ் படிப்பித்தவள், எபிரெயம் தெரியாது. ஆனால் தெரிந்தவர்கள் எழுதியதை வாசித்திருக்கிறேன். அங்கே மூலத்தில் வருவது ஹாயில் என்ற சொல்: வலிமை, வீரம், திராணி. கிதியோனுக்கு முன்னால் தூதன் வந்து "பராக்கிரமசாலியே" என்று கூப்பிடுகிறானே, அங்கேயும் அதே சொல்தான். ரூத்தைப் போவாஸ் புகழும்போதும் அதே சொல், ஆனால் தமிழில் "குணசாலி". ஆணுக்குப் பராக்கிரமம், பெண்ணுக்குக் குணம்! பழைய மொழிபெயர்ப்பாளர்களோடு சண்டைபிடிக்க நான் வரவில்லை. அவர்கள் காலம் அது. ஆனால் இதை ஒரு பெண்ணுக்குச் சொல்ல ஒரு வரி அடிக்குறிப்புப் போதும். வயலை விசாரித்து வாங்குகிறவள், தன் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் வைக்கிறவள் என்று அதே அதிகாரம் சொல்கிறதே, அதற்கும் பராக்கிரமம்தானே வேண்டும்? இந்தப் புத்தகத்தில் அந்த அதிகாரத்துக்கு ஏழு பக்கக் குறிப்பு. ஏழிலும் சமையலறையை ஒழுங்குபடுத்துவது எப்படி என்றுதான் இருக்கிறது. இடியப்பம் விற்று இந்தப் புத்தகத்தை வாங்கியவர்களுக்கே அந்தப் பாடம்.

எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்மார் மோசேக்கு முன்னால் நின்று, ஆண்பிள்ளை இல்லாமல் இறந்த தகப்பனின் காணியில் பங்கு கேட்கிறார்கள், கர்த்தர் அவர்கள் சொல்வது சரி என்கிறார். எங்கள் ஐக்கியத்தில் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணிக்காக அரச அலுவலகமான கச்சேரியின் படி ஏறி இறங்கின பெண்கள் எத்தனை பேர்! பேர்மிட்காரர் ஒருவரையும் நியமிக்காமல் இறந்தால் மகளுக்கு முன்னால் மகன் என்று 1935ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தில் எழுதி வைத்திருந்ததை 2022இல்தான் மாற்றினார்கள். பெண்ணுக்கும் காணி உண்டு என்பது மோசே காலத்திலேயே பேசி முடித்த காரியம். இந்தப் பகுதிக்குப் புத்தகத்தில் இரண்டு வரி. அண்ணன் அம்னோன் கெடுத்த தாமாருக்கும், நியாயாதிபதிகள் 19இல் ஊராரால் வதைக்கப்பட்டு வாசல்படியில் விழுந்து செத்தவளுக்கும் அதுவும் இல்லை. வியாழக்கிழமைச் செபக்கூட்டத்துக்கு எந்தக் காயத்தோடு எந்தப் பெண் வருகிறாள் என்று நாங்கள் அறிவோம். அவளுக்குப் படித்துக் காட்ட இந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

உங்கள் குழுவில் ஐந்து பேர். எண்ணிக்கை தற்செயல்தான், இருந்தாலும் சொல்லவேண்டும். 2 இராஜாக்கள் 22இல் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் ஒன்று அகப்படுகிறது. யோசியா ராசா வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, கர்த்தரிடத்தில் விசாரித்து வரச்சொல்லி ஆள் அனுப்புகிறான். இல்க்கியா, அகீக்காம், அக்போர், சாப்பான், அசாயா: ஆசாரியனும் அரண்மனை ஆட்களுமாக ஐந்து ஆண்கள். அவர்கள் கதவடைத்துக் கூட்டம் போடவில்லை. எருசலேமில் இரண்டாம் வகுப்பு என்ற நகர்ப்பகுதியில் குடியிருந்த உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியின் வீட்டைத் தேடிப் போனார்கள். அந்தப் புஸ்தகத்தின் வார்த்தைகள் மெய் என்று அவள்தான் சொல்லி அனுப்பினாள். அவர்கள் நடந்து போனார்கள், சகோதரர்களே. நாங்கள் உங்களை எங்கேயும் நடக்கச் சொல்லவில்லை. ஒரு கதிரைதான் கேட்கிறோம்.

கதிரை என்றதும் ஞாபகம் வருகிறது. பெண்கள் பக்கத்து மின்விசிறி சித்திரையிலிருந்து சுற்றுவதில்லை. மண்டபத்துக் கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை, உள்ளே போகிறவள் வெளியே ஒருத்தியைக் காவலுக்கு நிறுத்தவேண்டும். குழுக் கூட்டத்தை எப்போதும் இரவு ஏழு மணிக்கு வைக்கிறீர்கள். அந்த நேரத்தில் எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு அடுப்படியை விட்டு வர முடியும்? பிறகு "பெண்கள் ஒருத்தரும் வாறேல்லை" என்று அறிக்கையிலும் எழுதுகிறீர்கள். 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய மிசனரிமார் அவர்களுக்கு எழுத்தறிவித்தது வேதத்தைத் தாங்களே வாசிக்கட்டும் என்றுதான். இருநூறு வருசம் வாசித்த பிறகும் எங்களுக்கு எது பொருத்தம் என்று கவரைப் பார்த்து நீங்கள்தான் சொல்லவேண்டுமாம்.

மன்னிக்கவேண்டும். புத்தகத்தைப் பற்றி எழுத வந்து கழிப்பறைக் கொண்டிவரை போய்விட்டேன். குழுவில் இருக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் வீடு வீடாக வந்தவர்கள் நீங்கள்தான், அதை நாங்கள் மறக்கவில்லை. ஆகையால்தான் வெளியே போய்ப் புறணி பேசாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். அந்த இருபத்தேழையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கடைக்காரர் மாற்றித் தருவாரென்றால், புதிதாகப் பார்க்கும் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரிப் பிரதியை ஒரு மாதத்துக்கு எங்களிடம் தாருங்கள். நாங்கள் ரிஸ்பாளையும் உல்தாளையும் தாமாரையும் பிரித்துப் பார்ப்போம், ரோமர் 16இல் சபை ஊழியக்காரி பெபேயாளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம், ஏவாளுக்குச் சொன்ன "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்பதைக் கட்டளை என்கிறார்களா சாபத்தின் விளைவு என்கிறார்களா என்று பார்ப்போம். மூதூர் அம்மாவின் நல்ல கண்ணுக்கு எழுத்துத் தெரிகிறதா என்றும் பார்ப்போம். பெண்களுக்கென்று தனியாக அச்சிட்டதில் ஒன்றும் தேறாவிட்டால் பொதுவான ஆய்வு வேதாகமமே போதும், கறுப்பு மட்டையானாலும் பரவாயில்லை. மாற்ற முடியாது என்று கடைக்காரர் சொன்னால் அதையும் எங்களுக்கு முன்னால் சொல்லட்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைப் பின்னேரம் நான்கு மணிக்கு மாற்றித் தருமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு பேர் வருவோம். மூதூர் அம்மாவும் வருகிறார். கதிரை போதாவிட்டால் தன்னுடைய யூரியாப் பையைக் கொண்டுவருவதாகச் சொன்னார். தேத்தண்ணி வழமைபோல நாங்களே ஊற்றுகிறோம். ஊற்றிவிட்டு இந்த முறை வெளியே போகமாட்டோம்.

கிறிஸ்துவின் பணியில்,
மாதர் ஐக்கியச் செயலாளர்
திருகோணமலை