நான் போட்ட டிக்கை அழித்துவிடுங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன வாரம் தேவிபட்டினத்தில், கப்பல்காரர்களைப் பற்றிய உங்கள் ஆய்வுக்காக எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள். ‘ஓய்வு போதுமான அளவு கிடைத்ததா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் போட்டேன். அது பொய். உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை, கை தானாகப் போட்டுவிட்டது. பதினெட்டு வருடப் பழக்கம்.

24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு என்பது 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அதற்கென்று ஒரு தாள் உண்டு, மாதாமாதம் கையெழுத்துப் போடுவோம். எனக்கு நாலு-எட்டு வாட்ச், அதாவது காலையும் மாலையும் நாலிலிருந்து எட்டு வரை காவல் முறை. ஒரு நாள் காலை வாட்ச் முடித்து, பகலெல்லாம் ஹோல்ட் என்னும் சரக்கு அறையைக் கழுவி, மாலை வாட்ச்சும் பார்த்துப் படுத்தேன். பதினோரு மணிக்குத் துறைமுகம் வந்துவிட்டது. கயிறு கட்டி முடிக்க இரண்டாகிவிட்டது. நாலுக்குக் கேங்வேயில், கப்பலில் ஏறி இறங்கும் படியில், காவலுக்கு நிற்க வேண்டும். தாளில் இரவு 8 முதல் 4 வரை ‘ஓய்வு’ என்று நிரப்பி நீட்டினார்கள். போட்டேன் கையெழுத்து. உள்ளதை எழுதினால் சோதனையில் கப்பல் மாட்டும், நமக்கு அடுத்த காண்ட்ராக்ட் வராது.

ஸ்வீடனில், மால்மோவில் இருக்கும் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020-இல் இதையே ஆராய்ந்து, கணக்கைச் சரிக்கட்டி எழுதுவது பரவலான வழக்கம் என்று சொன்னது. கப்பலில் நாங்கள் சாப்பிடும் மெஸ்ரூமில் கேட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்போம்!

இந்தப் பக்கம் மீன்பிடிக்கப் போக விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். மீனவர்களுக்குக் கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கரையில் கிடக்க ஒரு நாளாவது உண்டு. எங்களுக்குக் காண்ட்ராக்ட் ஒன்பது மாதமும் இரும்புத் தரைதான்.

அப்புறம், ‘வேலைக்காகப் பணம் கொடுத்தீர்களா?’ என்பதற்கு ‘இல்லை’ என்றதும் இதே கைதான். ஏஜெண்ட் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். அம்மாவின் வளையல் போனது நிஜம்.

நீங்கள் போனதும் என் மனைவி கேட்டாள், “அந்தப் பிள்ளை என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லையே?” கப்பலை விட்டு ஆறு வருடமாகிறது. இப்போதும் சில ராத்திரி மூன்றேமுக்காலுக்கு எழுந்து இருட்டில் பாய்லர் சூட் என்னும் என் வேலை உடுப்பைத் தேடுவேனாம். காலையில் எனக்கு நினைவே இருக்காது. அவள் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த முறை வரும்போது படிவம் பையிலேயே இருக்கட்டும். அவளிடம் பேசுங்கள். நான் கடற்கரைப் பக்கம் போய்விடுகிறேன். நான் இருந்தால் அவளும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வாள்.

இப்படிக்கு,
தேவிபட்டினத்துக் கப்பல்காரன்