புல்தரைக்கு ஆள் வைப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்தரையைப் பராமரிக்கப் போன வருஷம் ஒரு நிறுவனத்திடம் மாதக் கட்டணம் பேசி விட்டோம். வந்தவர்கள் சித்திரை வெயிலில், நடுமத்தியானத்தில், யூரியாவை அள்ளி வீசிவிட்டுத் தண்ணீர்கூட விடாமல் கிளம்பிவிட்டார்கள். நாலே நாளில் உள்ளங்கை அளவுக்குத் திட்டுத் திட்டாகப் புல் வைக்கோல் நிறத்தில் கருகிக் கிடந்தது. யூரியா போட்டால் கையோடு தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பது தோட்டவேலை தெரிந்த யாருக்கும் தெரியும்.

அப்புறம் கோரை என்கிற களை. மேலாக மெஷினை ஓட்டினால் அது போகாது, மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறதே! கிழங்கோடு தோண்டி எடுக்காவிட்டால் சில நாளிலேயே புல்லைத் தாண்டி நிமிர்ந்து நிற்கும். வெட்டும்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, இவர்கள் மண் தெரிய மழித்தார்கள்.

சரி, புல் மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் களைக்கொல்லி அடித்த அன்று ஒரு அறிவிப்பு அட்டைகூட வைக்கவில்லை, பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடியாடும் இடம் அது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என்ன மருந்து, எவ்வளவு, என்றைக்கு அடிப்பார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

- ஒரு வாசகர், கோவை