ஆவுளியா ஆட்டம்: ஞாயிறு வெள்ளோட்டம்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வலையில் சிக்கும் ஆவுளியாவைப் பற்றி நம் மாணவர்கள் வடிவமைத்துள்ள திறந்தவெளிக் குழு ஆட்டத்தின் முதல் வெள்ளோட்டம், வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்கு மண்டபம் கடற்கரையில் நடைபெறும்.

கடல்பசு என்றும் அழைக்கப்படும் ஆவுளியா, கடற்புல்லை மேயும் பாலூட்டி என்பதால், மூச்சு வாங்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும்; வலையில் சிக்கினால் மூச்சுமுட்டி இறந்துவிடும். இதையே ஆட்டத்தின் அடிப்படை விதியாக்கியிருக்கிறார்கள். ஆவுளியாவாக ஆடுபவர் கபடியில் பாடிச் செல்வதைப் போல ஒரே மூச்சில் சென்று, மணலில் பரப்பிய பனையோலைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, மூச்சு விடுவதற்குள் கோட்டிற்குத் திரும்ப வேண்டும். (புல்லுக்குப் பச்சை பிளாஸ்டிக் துண்டுகளைப் பயன்படுத்தலாம் என்ற முதல் யோசனையை அவர்களே கைவிட்டது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.) வலையில் சிக்கியவரை மீனவர் அணியினர் மட்டுமே விடுவிக்க முடியும், ஆனால் அதற்குத் தம் வலையை அறுத்து, அந்தச் சுற்றின் மீன்பாட்டை இழக்க வேண்டும்.

இழப்பை ஈடுசெய்யும் புள்ளிகள் எத்தனை என்பது இன்னும் முடிவாகவில்லை. உயிருடன் விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்கி வருவதால், அதையும் விதியில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. மீனவரைக் குற்றவாளியாகக் காட்டும் ஆட்டம் நம் ஊரில் எடுபடாது, நியாயமும் ஆகாது. ஆகவே கடலுக்குச் செல்லும் பெற்றோர் இருவரேனும் வந்து விதிகளைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம், குடிநீர் கொண்டுவரவும்.