முறத்தில் பாதி இடம்

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

ஃபோனில் உன் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த நாலாம் நாளே நடக்கிறாயாமே, சந்தோஷம். ஆனால் "பீடி சிகரெட் தொட்டதில்லை, உடம்பும் போடவில்லை, எனக்கு ஏன்டா இது?" என்று கேட்டாயே, அது என்னை விடவே இல்லை.

நேற்று உங்கள் வீட்டுப் பக்கம் போனேன். பூட்டிக் கிடக்கிறது. எனக்கு அந்த இரண்டாங்கட்டுதான் ஞாபகம் வந்தது. உன் தங்கை வயிற்றில் இருந்தபோது ஆத்தா எல்லோருக்கும் பரிமாறி முடித்து, மூன்று மணிக்கு மேல் தூணோரம் உட்கார்ந்து நீராகாரம் குடிப்பார்கள், கடித்துக்கொள்ள இரண்டு சின்ன வெங்காயம். நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்பார் உன் அப்பத்தா. உன்னைப் பெற்றபோதும் அதே கதைதான். முறத்தில் போட்டால் பாதி முறம் காலியாக இருந்தது என்று அவர் சொல்லி நாமே கேட்டிருக்கிறோம்.

உன் கேள்விக்கு ஒரு பதில் அந்த முறத்திலேயே இருக்கலாம். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் எழுதி வைக்கப்பட்டிருந்த குழந்தை எடைக் குறிப்புகளை டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் தேடியெடுத்தார். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்த ஆண்கள்தான் பின்னாளில் மாரடைப்பில் அதிகம் இறந்திருந்தார்கள். 1989-இல் அதை வெளியிட்டார். நமக்குப் பக்கத்திலேயே மைசூரிலும் பார்த்திருக்கிறார்கள். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 1934-க்கும் 1954-க்கும் இடையே பிறந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். ஐந்தரை பவுண்டும் அதற்குக் கீழும் பிறந்தவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இதய நோய். ஏழு பவுண்டைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்றே பேருக்கு.

வயிற்றுக்குள்ளும் ஒரு பந்தி நடக்கிறது, சொக்கு. சோறு பற்றாதபோது மூளைக்குத்தான் முதல் இலை. சிறுநீரகத்துக்கும் இதயத் தசைக்கும் கிடைப்பது மிச்சம்தான். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பிறப்பதற்குள் அமைந்துவிடும். அதில் விழுந்த குறையைப் பிறகு ஈடுகட்ட முடியாது, ரத்த அழுத்தம் ஏற அதுவும் ஒரு வழி. இதனால்தான் உனக்கு வந்தது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல மாட்டார். சர்க்கரை, கொழுப்பு, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. ஆத்தா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் சாப்பிடுவதுதான் மருமகளுக்கு அழகு என்று அவர்களுக்குச் சொல்லி வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே.

அப்புறம், உன் மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம் அல்லவா? வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் காலையில் வெறும் காபியோடு கிளம்புகிறாள் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை. அவள் சாப்பிட்டாளா என்று நீயே தினமும் கேள். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் எடையையும் ஹீமோகுளோபினையும் கேட்டு எழுதி வை, இரும்புச் சத்து மாத்திரையை விட வேண்டாம். கறுப்பு உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கட்டி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை தம்பி மகன் சென்னை வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். களி கிண்டத் தெரியாவிட்டால் ராத்திரி ஃபோன் பண்ணச் சொல், என் வீட்டுக்காரி பக்குவம் சொல்வாள்.

அன்புடன்,
ராமு