2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அண்ணன் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சிங்கப்பூரில் வாழும் நம் மூன்று ஊர்ச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. பிப்ரவரி 11 தைப்பூசத்தன்று, காவடி எடுத்த நம் உறுப்பினர்களுக்குத் துணையாக சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை ஒரு குழு நடந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தோம். ஆகஸ்டில் நாட்டின் 60-ஆம் பிறந்தநாளைக் கொண்டாடினோம். தீபாவளி விருந்தும் குறைவில்லாமல் முடிந்தது. படங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன.

இனி இந்த ஆண்டின் முக்கியமான வேலைக்கு வருகிறேன். நம் ஊர்ச் சாலையில் கனரக லாரிகளைக் கட்டுப்படுத்தச் சொல்லி எடுத்த முயற்சி அது. இது செயலாளரின் சொந்த விருப்பம் என்றும், சங்கத்துக்கு இது தேவையில்லாத வேலை என்றும் சிலர் பேசியதாகக் காதுக்கு வந்தது. சென்ற பொதுக்கூட்டத் தீர்மானங்களில் இது மூன்றாவது. குறிப்பேடு தலைவரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

சில வருடங்களாக ஊருக்குப் போகாதவர்களுக்காக நிலைமையைச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி வரும் டாரஸ் லாரிகள் நெடுஞ்சாலையில் போக வேண்டியவை. சுங்கச்சாவடிக் காசும் மிச்சம், சுற்றும் குறைவு என்று நம் மூன்று ஊர் வழியாகத் திருப்பிவிடுகிறார்கள். நம் சாலையின் அகலம் 3.75 மீட்டர். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடும் ஒற்றைத் தடச் சாலைக்கு வழக்கமாக உள்ள அகலம் அதுதான். லாரி மட்டுமே ஏறக்குறைய இரண்டரை மீட்டர் இருக்கும். எதிரே மினி பஸ் வந்தால் இரண்டில் ஒன்று வாய்க்கால் கரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதும் அதே கரையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே கால் வைத்தால் சறுக்கும்.

ஜூன் விடுப்பில் போயிருந்தபோது தெற்குத் தெரு முனையில் உள்ள வாய்க்கால் பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கம் மொத்தமாகப் போய்விட்டது, பின்சக்கரம் இடித்தது. கீழே செங்கல் கட்டில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். மேலே லாரி ஏறும்போது அந்த விரிசலிலிருந்து சுண்ணாம்புத் தூள் தண்ணீரில் உதிர்கிறது. 108 வண்டிக்கும் அந்தப் பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

இங்கே சாலைப் பணியில் பொறியாளராக இருக்கும் நம் தம்பி ஒருவர் செயற்குழுவில் ஒரு கணக்கைச் சொன்னார். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சோதனைச் சாலை போட்டு, லாரிகளை விடாமல் ஓட்டிப் பார்த்துக் கண்டது அது. ஓர் அச்சின் மேல் ஏறும் பளு இரண்டு மடங்கானால், சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும். டிராக்டரும் மினி பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் வருடக்கணக்கில் ஓடியும் தாங்கிய சாலை ஒரே மழைக்காலத்தில் கப்பி பெயர்ந்து போனதற்குக் காரணம் இதுதான். பத்துச் சக்கர லாரிக்கு இந்தியாவில் அனுமதித்த மொத்த எடை 2018-இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகக் கூடியது. அதற்கும் மேலே ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் எடை மேடை நெடுஞ்சாலையில் இருக்கிறது, நம் வாய்க்கால் கரையில் இல்லை.

“லாரியை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள்” என்று பலர் சொன்னீர்கள். செயற்குழு அப்படிக் கேட்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டை ஏற்ற வருவதும் லாரிதான். கதிர் அறுக்கும் இயந்திரம் ஏறி வருவதும் லாரியில்தான். முழுத் தடை போட்டால் நம் வீட்டு நெல் திறந்த வெளியில் மழையில் நனையும். ஆகவே நாம் கேட்டது இவை: பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கனரக லாரி வரக் கூடாது. பாலத்துக்கு எடை வரம்பு குறித்துப் பலகை வைக்க வேண்டும். ஊருக்குள் ஏற்றி இறக்க வராமல், குறுக்கு வழியாக மட்டும் போகும் வண்டிகளை நெடுஞ்சாலைக்கே திருப்ப வேண்டும். அப்புறம், தார்ப்பாய் கட்டாத வண்டிகள் மேல் நடவடிக்கை வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115 இதற்கு இடம் கொடுக்கிறது. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ, சாலை அல்லது பாலத்தின் தன்மையைக் கருதியோ, குறிப்பிட்ட வகை வண்டிகளைக் குறிப்பிட்ட சாலையில் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அலுவலருக்கும் உரிமை உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் கட்டுப்பாடு என்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்றால் உள்ளூரில் அறிவித்தால் போதும். இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான், முதலில் ஒரு மாதம் போட்டுப் பாருங்கள் என்று மனுவில் எழுதினோம். ஊர்க்காரர்கள் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அதைக் கொடுத்தார்கள்.

அதற்குப் பலன் கிடைத்தது. ஆகஸ்டில் பள்ளி நேரத்துக்கு மட்டும் ஒரு மாதக் கட்டுப்பாடு வந்தது. கைகாட்டி முக்கில் பலகை நட்டார்கள், காலையில் ஒரு காவலர் நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியையும் நாற்பது பக்க நோட்டில் குறித்தார். ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்: “காலை 8.10, பத்துச் சக்கரம், ஜல்லி, தார்ப்பாய் இல்லை, பள்ளி வேன் பின்னால் நின்றது.” அது கட்டுப்பாட்டுக்கு முந்தைய வாரம். கட்டுப்பாட்டு மாதத்துப் பக்கங்களில் அந்த நேரத்துக்கு நேரே பெரும்பாலும் வெறும் கோடுதான். சொன்னால் கேட்பார்கள், நடக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

மாதம் முடிந்தது, லாரியும் திரும்பி வந்தது. நீட்டிக்க வேண்டுமானால் அரசிதழ் அறிவிப்பு வேண்டும், அதற்குத் துறை அறிக்கை வேண்டும். நம் சாலையில் ஒரு பாதி ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியது, மறு பாதி நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. இரண்டு அலுவலகமும் மற்றதைக் கை காட்டுகின்றன. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், நம் ஊருக்காக உரிமையோடு போய் நிற்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளும் இல்லை. அவர்கள் இடத்தில் நிர்வாகம் பார்க்கும் தனி அலுவலர் பல ஊர்களைப் பார்க்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, கோப்பு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

எதிர்த்தரப்பு சொன்ன ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. நெல்லைச் சாலையில் காய வைக்கிறீர்கள், அதனால்தான் வண்டி ஓரத்தில் போக முடியவில்லை என்றார்கள். உண்மைதான், நம் மக்கள் காய வைக்கிறார்கள், வேறு களம் கிடையாது. உலர்களம் வேண்டும் என்பதையும் மனுவில் சேர்த்துவிட்டோம். இதில் ஓட்டுநர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் வேகமாகப் போகத்தான் பார்ப்பார். இங்கே நம் உறுப்பினர்கள் பலர் லாரி ஓட்டுகிறார்கள். வண்டியின் பக்கத்தில் எடை எழுதியிருக்கிறது. 12,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டாதபடி கருவி பொருத்தியிருக்கிறது. அதோடுதான் தினமும் ஓட்டிப் பிழைக்கிறோம், யாருக்கும் தொழில் கெட்டுப்போகவில்லை.

ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. நம் உறுப்பினர்களில் சிலரின் வீட்டில் டிப்பர் ஓடுகிறது. மனு போன பிறகு அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை, சந்தாவும் வரவில்லை. அண்ணன், தம்பி என்று பழகியவர்கள். யாருடைய வண்டியையும் பெயர் சொல்லி நாம் எழுதவில்லை. ஊரில் ஏற்றி இறக்கும் வண்டிக்குத் தடை கேட்கவும் இல்லை. மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. நேரில் வந்து படித்துவிட்டு, கோபம் இருந்தால் அப்போது கோபப்படுங்கள்.

மற்றவர்கள் வராததற்குக் காரணமே தெரியவில்லை. விதிப்படி பொதுக்கூட்டத்துக்கு, வாக்குரிமை உள்ளவர்களில் கால்வாசிப் பேராவது 30 பேராவது, இரண்டில் குறைந்த எண்ணிக்கை வர வேண்டும். இந்த ஆண்டு அதுவும் சேராமல் அரை மணி நேரம் தள்ளிவைத்துத்தான் தொடங்கினோம். அப்படித் தொடங்கிய கூட்டத்தில் சட்டவிதியைத் திருத்த முடியாது. வேலை அனுமதிச் சீட்டு முடிந்து ஊர் திரும்பியவர்களைத் தொடர்பு உறுப்பினர்களாக வைத்துக்கொள்ளும் திருத்தம் அதனால் நின்றுபோனது. ஊரில் இருந்து இந்த வேலையைப் பார்க்கக்கூடியவர்கள் அவர்கள்தான். துவாஸிலும் ஜூரோங்கிலும் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். தீபாவளி விருந்துக்குக் குடும்பத்தோடு வந்துவிட்டு, பொதுக்கூட்ட அறிவிப்புக்கு ஒரு பதில்கூடப் போடாதவர்களைத்தான் கேட்கிறேன்.

சந்தா மாதம் ஐந்து வெள்ளி. பல வருடமாக ஏற்றவில்லை. இந்த ஆண்டு ஏறக்குறைய பாதிப் பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. சிலருக்கு அது மூன்றாம் ஆண்டு. நினைவூட்டினால் “அனுப்பிடறேன்” என்று பதில் வருகிறது, பணம் வருவதில்லை.

கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். வரவு சென்ற ஆண்டைவிடக் குறைவு, செலவு ஏறத்தாழ அதே அளவு, மீதியை இருப்பிலிருந்து சமாளித்தோம். தணிக்கை முடிந்து, சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டு விவரமும் போய்விட்டது. சாலை வேலைக்குச் சங்கப் பணம் ஊருக்குப் போனதா என்று கேட்டவர்களுக்குப் பதில்: ஒரு காசும் போகவில்லை. சிங்கப்பூர்ச் சங்கத்தின் பணம் இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அங்குள்ள அமைப்புக்குத் தனிப் பதிவு வேண்டும். இங்கே பொதுமக்களிடம் வெளிநாட்டுக்காக நன்கொடை திரட்டவும் முன் அனுமதி வேண்டும். மனு, நகல், தபால் செலவை ஊர்க்காரர்களே பகிர்ந்துகொண்டார்கள். இங்கே நாம் செய்தது சட்டத்தைப் படித்து எழுதிக் கொடுத்ததும், தொடர்ந்து பேசியதும்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர் அண்ணன், பொருளாளர், செயற்குழுவினர், விருந்துக்குப் பொருளுதவி செய்த கடைக்காரர்கள், பேச்சுப் போட்டிக்கு நடுவராக வந்த ஆசிரியர்கள், மகளிர் பிரிவு அக்காமார்கள், கணக்கு தணிக்கை செய்தவர்கள். நோட்டு எழுதிய தலைமையாசிரியர் ஐயாவுக்கு இந்தச் சங்கம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். செயலாளர் பொறுப்பில் தொடர எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இப்போதுள்ள ஆட்களோடு விழாக்களை நடத்தலாம், சாலை வேலையை நடத்த முடியாது. யாராவது முன்வந்தால் பொறுப்பைக் கோப்போடு ஒப்படைத்து, பக்கத்தில் நின்று வேலை செய்வேன். யாரும் வரவில்லை என்றால் நானே தொடர்வேன், அப்போது எனக்கு இரண்டு துணைச் செயலாளர்கள் வேண்டும். ஒருவர் ஊரோடு பேச, ஒருவர் சந்தா வசூலிக்க.

ஜனவரி 26 கிராம சபையில் சாலைக் கட்டுப்பாட்டைத் தீர்மானமாக நிறைவேற்றி, அதை நீட்டிப்பு மனுவோடு வைக்க வேண்டும். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் அங்கே உரிமை. குடியுரிமை மாறியவர்கள் போய்ப் பயனில்லை. பொங்கலுக்குப் போகும் உறுப்பினர்களில் பட்டியலில் பெயர் இருப்பவர்கள், முடிந்தால் 26-ஆம் தேதி வரை இருந்துவிட்டு வரும்படி டிக்கெட் போடுங்கள். பயணத் தேதியை இந்த மாதம் 20-க்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். மூன்று ஊருக்கும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரிந்தால்தான் தலைமையாசிரியர் ஐயாவிடம் சொல்ல முடியும். நிலுவைச் சந்தாவைப் பொருளாளரின் பேநவ் (கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் வசதி) எண்ணுக்கு அனுப்பி, எந்த ஆண்டுக்கு என்பதையும் குறிப்பிடுங்கள்.

செயலாளர்
சிங்கப்பூர், டிசம்பர் 2025