சனிக்கிழமை எய்க் தீவுக்குப் போகிறோம்

எல்லோருக்கும் வணக்கம். எய்க், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சின்னத் தீவு. படகு எதிர்க்கரையில் இருக்கும் மாலெய்க் துறையிலிருந்து. காற்றைப் பொறுத்து நேரம் மாறும், கிளம்பும்முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். காரைத் துறையிலேயே விட்டுவிட வேண்டும்.

எய்க் வெறும் அழகான தீவு மட்டும் இல்லை. காலங்காலமாகத் தனி முதலாளிகள் கையில் இருந்த ஊர். 1997 ஜூன் 12 அன்று, நன்கொடை திரட்டி, அங்கே குடியிருந்தவர்களே அதை மீட்டார்கள். 2008 முதல் காற்று, ஓடைநீர், வெயில் மூன்றிலும் சொந்த மின்சாரம். ஒரு வீட்டுக்கு ஒரே சமயத்தில் 5 கிலோவாட்தான். வாஷிங் மெஷின் ஓடும்போது கெட்டில் போடலாமா என்று யோசித்துத்தான் போடுவார்கள். எனக்கு அந்தக் கட்டுப்பாடு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், தின்பண்டம் மூட்டை கட்ட வேண்டாம். தீவில் இறங்கும் துறையடியில் கடை இருக்கிறது, அங்கேயே வாங்குவோம். மழைக்கோட்டு அவசியம். வருகிறவர்கள் வியாழனுக்குள் பெயர் கொடுங்கள்.